மந்திரி கொடுக்காத கடிதம்

உலகத்தில் பதவி போன மந்திரிகள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் எவருக்கும் எதற்கும் உதவாத மந்திரி ஒரே ஒருவர்தான். அவர் எண்பதுகளின் நடுவில் சூரிச் உணவகமொன்றின் குசினியில் எனக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினார்.

கிரேக்கர். பெயர் வாய்க்குள் அடங்காது. நாங்கள் மந்திரி என்றோம். ஏதென்ஸில் பத்தொன்பது நாள் துறைமுக மந்திரியாக இருந்தவர். கப்பலைக் கண்டாலே வாந்தி எடுக்கிறவருக்கு அந்தத் துறையை ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டால், "அதுதான் அரசியல்" என்பார். பிறகு பட்டாளம் ஆட்சியைப் பிடிக்க, சுவிசுக்கு ஓடிவந்தார். பட்டாளம் போய்ப் பத்து வருடமாகியும் திரும்பவில்லை. கட்சி கூப்பிட்டதாம், ஆனால் வேட்பாளர் பட்டியலில் ஏழாவது பெயராகப் போட்டார்களாம். மானமுள்ளவன் ஏழாவதாக நிற்பானா? நான் அரசறிவியல் பட்டதாரி. அதன் பயனாக அவர் கழுவியதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கரிபிடித்த சட்டி ஒன்று வந்தால் போதும், உடனே ராஜினாமா. எழுத்தில், மூன்று பக்கம். தலைமைச் சமையற்காரர் அதில் உருளைக்கிழங்குத் தோலைச் சுற்றி எறிவார். மறுநாள் காலை முதல் ஆளாக மந்திரி நிற்பார்: "ஏற்றுக்கொண்டதெண்டு எனக்குப் பதில் வரேல்லையே!" (நாங்கள் பேசியது குசினி ஜெர்மன். தமிழில் தருகிறேன், கைவீச்சை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

அந்த வருடம் என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்து, நாட்டைவிட்டுப் போ என்று எழுதியிருந்தார்கள். போய் யாழ்ப்பாணத்தில் எந்த மூலையில் உயிரோடு இருக்கலாம் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

என் அறையில் இருந்த சிவம் அண்ணைதான் வழி சொன்னார்.

"மந்திரியைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு ஏனடா அழுறாய்? ஊரில ஒரு எம்.பி.யின்ர கடிதத்துக்கு எத்தினை நாள் வாசல்ல நிண்டனாங்கள்!"

"பழைய மந்திரி அண்ணை. அதுவும் கிரேக்கத்தில."

"மந்திரி மந்திரிதான். வாழைப்பழம் வாங்கு."

முறைப்படி ஒரு சீப்புப் பழத்தோடு போனோம். சிபாரிசுக் கடிதம் என்றதும் மந்திரி துள்ளி எழும்பினார்.

"கட்சித் தலைவரின்ர மருமகனுக்கு இப்பிடி ஒரு கடிதம் கேட்டவை. மாட்டன் எண்டன். அதாலதான் இருபதாம் நாள் நான் மந்திரி இல்லை! நீ பழத்தோட வாறாய்!"

ஜெர்மன் புரியாத சிவம் அண்ணை கேட்டார்: "என்னவாம்?"

"மாட்டாராம்."

"பழத்தை எடு."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. தலைவரின் மருமகனும் நானும் ஒன்றா? அவருடைய கொள்கைக்காக நான் விமானம் ஏற வேண்டுமா? அன்றோடு அவருடன் கதைப்பதை நிறுத்தினேன்.

மேன்முறையீட்டு விசாரணைக்கு வேலையிடத்துச் சாட்சி ஒருவரைக் கூட்டிவரலாம் என்றார்கள். தலைமைச் சமையற்காரர் அன்று விருந்து இருக்கிறது என்று குசினி முழுக்கக் கேட்கக் கையை விரித்தார். தனியாகப் போனேன். அலுவலக வாங்குப் பலகையில், கறுப்புக் கோட்டோடு மந்திரி உட்கார்ந்திருந்தார்.

சாட்சிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில், கோப்பை கழுவுபவர் என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இண்டைக்காவது மந்திரி எண்டு போடுங்கோவன்!"

"மந்திரி சொன்னால் ஆர் நம்புவான்?"

அதிகாரியிடம் மேசையைத் தட்டிச் சொன்னார்: "இவன் கன கோப்பை உடைச்சிருக்கிறான். ஒண்டைக்கூட ஒளிச்சதில்லை, ஒவ்வொருக்காலும் தானே போய்ச் சொன்னவன். ஊருக்குப் போனால் உயிருக்குப் பயம் எண்டு இவன் சொன்னால், பயம்தான்!"

ஐந்து மாதம் கழித்து, இருக்கலாம் என்று பதில் வந்தது. குசினிக்குக் கொண்டுபோய் மந்திரியிடம் நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"இதுக்கு அஞ்சு மாதமோ! இதுவும் ஒரு நிர்வாகமோ!" என்று குசினி அதிரக் கத்தினார்.

பிறகு எனக்கு முன்னால் இருந்த கோப்பைகளையும் தன் பக்கம் இழுத்துத் துடைக்கத் தொடங்கினார். நான் கடிதத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.