திறந்த வாயும் மூன்று மாத ரகசியமும்

நான் ஒரு வடிகட்டிய முட்டாள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ரங்கூனில் எங்கள் பேட்டையான பசுந்தாங்கில் பாதிப் பேருக்கு இது வீடியோ ஆதாரத்தோடு தெரிந்த விஷயம்.

அப்போது அமெரிக்காவில் தேர்தல் நேரம். (ரங்கூனில் கரண்டே ஒழுங்காக வருவதில்லை, உனக்கு எதற்கு அமெரிக்கத் தேர்தல் என்று கேட்காதீர்கள். உள்ளூர் அரசியலை டீக்கடையில் பேசினால் யார் காதில் விழுமோ என்று பயம். அமெரிக்க அரசியலுக்கு அந்தத் தொல்லை இல்லை.) கருக்கலைப்புதான் அங்கே பெரிய சண்டை. வயிற்றில் இருப்பதும் உயிர்தான், அதைக் கலைக்க யாருக்கும் உரிமையில்லை என்பது என் கட்சி. அன்றும் அதேதான், இன்றும் அதேதான். என் கோபமெல்லாம் சேனல்கள் மேல். கருவுக்காகப் பேசுகிறவரிடம் நிருபர் வார்த்தைக்கு வார்த்தை குறுக்கே பாய்வார். எதிராளியிடம் "உடம்பு சௌக்கியமா" என்கிற ரீதியில் விசாரிப்பார். படம் போடுவதிலும் சூது. எதிராளிக்குச் சிரித்த முகம். நம்மவருக்கு, கொட்டாவிக்கும் அலறலுக்கும் நடுவில் பிடித்த திறந்த வாய்.

"பாத்தியா சூழ்ச்சிய?" என்று என் மனைவி மல்லிகாவிடம் செல்போனை நீட்டினேன்.

"பெத்துக்கறவள யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. சேனல்காரன் என் அடுக்களைவரைக்கும் வந்துவிட்டானே! அன்றிலிருந்து சொந்த வீட்டிலேயே துப்பறியத் தொடங்கினேன்.

துப்புக்குப் பஞ்சமில்லை. காலையில் மொகிங்கா இல்லாமல் இருக்கமாட்டாதவள் (மீன்குழம்பு ஊற்றிய சேமியா, இந்த ஊரின் இட்லி) அதன் வாசனைக்கே வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். என் தங்கை செல்வி வந்தால் இருவரும் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் நுழைந்தால் பேச்சு வெங்காய விலைக்குத் தாவும். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேவிட்டேன்.

"நாளைக்குத் தின்கன்ஜூன்ல இருக்கற டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம், செல்வி. அவருக்கு மட்டும் தெரியவே கூடாது."

முடிச்சுப் போட்டேன். பிள்ளை உண்டாகியிருக்கிறாள். முந்தின வருஷம் உண்டானது தங்காமல் போனதில் நாங்கள் இருவருமே உடைந்துபோயிருந்தோம். அப்படியிருந்தும் இப்போது என்னிடம் மறைக்கிறாள். நல்ல செய்தியை எவளாவது புருஷனிடம் மறைப்பாளா? கலைக்கத்தான் போகிறாள்! அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் உலகச் செய்தியையே நம்பாதவன், பெண்டாட்டி சொல்வதை நம்பிவிடுவேனா?

மறுநாள் அவர்கள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே டாக்ஸியில் போனேன். கிளினிக் முன்கூடம் முழுக்கப் பெண்கள். நடுவில் மல்லிகாவும் செல்வியும். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு (அவிழ்ந்தால் கொள்கை நிற்காது) பாதித் தமிழும் பாதி பர்மியுமாக முழங்கினேன்.

"உயிரக் கொல்லாதே மல்லிகா! டிவிக்காரன் பேச்சக் கேட்டு எம் புள்ளையக் கொல்லாதே!"

என் கை உயர்ந்தது. கூடவே செல்போன்களும் உயர்ந்தன.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். "சயாமா," என்றேன். (டாக்டரம்மாவையும் டீச்சரம்மாவையும் இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்.) "இந்தப் பாவத்தை நீங்கள் செய்யக் கூடாது!"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்தப் பாவம்? குழந்தையின் நெஞ்சு துடிக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கப்போகிறேன்."

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, மூணு மாசம் முடியற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தோம்! கண்ணு பட்டுடும்னு!"

"புருஷன் வெளியாளா?"

மல்லிகா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "போன தடவ டீக்கடைல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்து, தன்லியின்ல இருக்கற உங்க மாமா வரைக்கும் சொன்னீங்க. அப்புறம் துக்கம் கேக்க வந்த ஒவ்வொருத்தருக்கும் யாரு பதில் சொன்னா? நாந்தானே?" என்றாள்.

என் வாய் முதன்முறையாகத் தானாக மூடிக்கொண்டது. அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

டாக்டரம்மா என்னையும் உள்ளே வரச் சொன்னார். ஸ்கேன் மெஷினிலிருந்து குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம். "கேட்டீங்களா, இதத்தான் நான் அப்பவே..." என்று ஆரம்பித்தேன். செல்வி முறைத்தாள்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் வீடியோ பேஸ்புக்கில் வந்துவிட்டது. என் முழக்கம் மட்டும். மன்னிப்புக் கேட்டதைச் சுத்தமாக வெட்டிவிட்டிருந்தார்கள். முகப்பில் என் படம், கொட்டாவிக்கும் அலறலுக்கும் நடுவில். (சேனல்களைப் பற்றி நான் சொன்னது சரிதானே?) மூன்று மாத ரகசியம் சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை.

கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை. அந்தக் குதிரை இப்போது தளிர்நடை போட்டு வந்து என் செல்போனைப் பிடுங்கி எறிகிறது. மல்லிகா கரப்பான்பூச்சி அடிக்கச் செருப்பைத் தூக்கினால் போதும், செல்வி கையை உயர்த்தி, "உயிரக் கொல்லாதே மல்லிகா!" என்று கத்துவாள். வீடே உருளும். நானும் சிரித்துவைப்பேன். வேறு வழி?

நேற்றுக் காலை நான் அடுக்களைக்குள் நுழைந்ததும் இருவர் பேச்சும் வெங்காய விலைக்குத் தாவியது. மல்லிகாவின் மொகிங்கா தொடாமல் ஆறிக் கிடந்தது. என் மூக்கு விடைத்துக்கொண்டது.

"என்ன விஷயம்?" என்றேன்.

மல்லிகா தலையை நிமிர்த்தவே இல்லை.

"மூணு மாசம் கழிச்சுக் கேளுங்க."