நாற்பதில் விக்கிய வண்டி

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்குப் பிறகு நான் கட்டியவற்றைக் கேளுங்கள். பாளையங்கோட்டையில் சொந்தமாக பம்ப்செட் பட்டறை. ஆரம்பத்தில் ஒரு வேப்பமரத்தடியும் ஒரு ஸ்பானர் பெட்டியும்தான். இப்போது இரண்டு லேத் ஓடுகிறது. பட்டறைக்கு மேலேயே வீடு, இன்ஜினியர் வைக்காமல் நானே கோடு போட்டுக் கட்டியது (மாடிப்படியில் ஆறாவது படி மட்டும் கொஞ்சம் உயரம். விருந்தாளிகள் பார்த்து வரவேண்டும்). இரண்டு தங்கச்சிகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது தனி. கூடங்குளம் பக்கத்து ஆட்கள்கூட நின்றுபோன மோட்டாரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு என்னைத் தேடி வந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து வருவதைப் படித்த பிறகு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். என் மனைவி செல்வராணி வரலாறு படித்து, பி.எட். முடித்தவள். மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, கடைசியில் ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஆயுதபூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளன்று பதினோரு மணிக்குள் வந்து கையெழுத்துப் போடவேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

ஏழு மணி பஸ்ஸில் போய்விடலாம் என்றாள் அவள். எனக்கு அது மானப்பிரச்சினை. இன்ஜின் மருத்துவன் பெண்டாட்டி பஸ்ஸில் போவதா? என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. மூன்று கை மாறி வந்த பழைய வண்டி. நானே பிரித்து, நானே கோர்த்து, பூஜைக்கு நானே குளிப்பாட்டியும் வைத்திருந்தேன். எட்டரைக்குக் கிளம்பினோம்.

மேலப்பாளையம் தாண்டும்வரை தங்கமாக ஓடியது. நெரிசலில் நின்று நின்று போகும்போது ஒரு குறையும் இல்லை. திறந்த ரோட்டில் நாற்பதில் பிடித்து, ஒரே சீராகக் கொஞ்ச தூரம் போனதும் விக்க ஆரம்பித்தது. ஒரு இழுப்பு, ஒரு விக்கல். முறுக்கினால் இன்னும் மோசம்.

"வண்டியை யாரோ நினைக்காங்க போல" என்றாள் பின்னாலிருந்து.

பத்தமடைக்கு முன்னால் ஓரங்கட்டினேன். எந்த வண்டியானாலும் முதலில் பெட்ரோலைப் பார்ப்பது என் வழக்கம். டேங்க் மூடியைத் திறந்து, ஆட்டிப் பார்த்து, மூடினேன். போய்வரத் தேவையான பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். ஒரே உதை, வண்டி பாடியது. பிளக்கில் கரி, பார்த்தாயா என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

சேரன்மகாதேவிக்கு முன்னால் மறுபடியும் விக்கல். மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்தேன். பிறகு கார்பரேட்டரைக் கழற்றி, அவள் கைக்குட்டையால் துடைத்தேன். வண்டி கிளம்பியது. கார்பரேட்டரில்தான் தூசி, பிளக் சும்மா துணைக்கு என்று விளக்கினேன். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் வேண்டாம் என்றாள்.

வீரவநல்லூர் பக்கம் மூன்றாவது தடவை. அங்கே குடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர், தானாக வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"பெட்ரோல்ல தண்ணி கெடக்கும் வே. அடியில உள்ளத எறக்கி விடும்."

எனக்கே தோன்றியிருக்க வேண்டியது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, குழாயைப் பிடுங்கி இரண்டு லிட்டர் பெட்ரோலை ரோட்டோர மணலுக்குக் கொடுத்தேன். வண்டி கிளம்பிற்று. அண்ணாச்சிக்கு நல்ல கைராசி என்று அவர் என்னைப் பாராட்டினார். நானும் ஏற்றுக்கொண்டேன்.

கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப்பாலம் வருவதற்குள் நாலாவது தடவை நின்றோம். மணி பத்தரை. ஆழ்வார்குறிச்சிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது. அவள் சேலையில் கிரீஸ், சான்றிதழ் ஃபைலில் என் கைரேகை. நான் ஸ்பானர் பெட்டியை விரித்து, இன்ஜினையே இறக்கிவிடும் முடிவோடு உட்கார்ந்தேன்.

"அதத் தொடாதீங்க" என்றாள். நாலு மாதத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "பிளக்கையும் தொடாதீங்க. டேங்க் மூடிய மட்டும் பைய தெறந்து மூடிட்டு, மிதிங்க."

"ஏளா, மூடிக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? நான் எத்தன இன்ஜின் பாத்தவன்?"

"எனக்குத் தெரியாது. மூணு தடவையும் நீங்க வேற வேற வேலை பாத்தீங்க. எல்லாத் தடவையும் ஒண்ணுபோல செஞ்சது இந்த மூடியத் தெறந்தது மட்டுந்தான். நான் பாத்துக்கிட்டுத்தான வாரேன்?"

அவளுக்குப் பாடம் புகட்டும் எண்ணத்தில் திறந்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். மூன்று தடவையும் அந்தச் சத்தம் வந்திருக்க வேண்டும். நான் பேசிக்கொண்டே திறந்ததால் கேட்கவில்லை. மூடினேன், மிதித்தேன். ஓடியது.

அப்போதுதான் மூடியை உற்றுப் பார்த்தேன். அதன் நடுவில் கடுகளவு ஓட்டை ஒன்று உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, காற்று உள்ளே போகும் வழி அது. அது அடைத்துக்கொண்டால் கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் இறங்காமல் தொங்கிவிடும், இன்ஜின் விக்கும். ஊரெல்லாம் ஆயில் இன்ஜின்காரர்களிடம் 'டேங்க் மூடி ஓட்டையைப் பாரும்' என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. என் வண்டியில் அந்த ஓட்டைக்கு மேல், ஆயுதபூஜைக்கு நானே கெட்டியாக அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து சிமெண்டாக இருந்தது. (மற்ற இடங்களில் பொட்டு. மூடியில் மட்டும், முக்கியமான இடம் என்று, ஒரு உருண்டை.)

அவள் தோளிலிருந்த ஊக்கை எடுத்து நீட்டினாள். குத்தித் திறந்தேன். அதற்குப் பிறகு வண்டி விக்கவே இல்லை. சந்தோஷத்தில் அம்பாசமுத்திரம் பெட்ரோல் பங்கைக் கண்டும் நிற்காமல் பறந்தேன். ஆழ்வார்குறிச்சி எல்லையில் வண்டி விக்காமல், விசும்பாமல், சுத்தமாக நின்றது. இந்தத் தடவை காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பெட்ரோல் வீரவநல்லூர் மணலில் இருந்தது.

அவள் செருப்பைக் கழற்றி ஒரு கையிலும் ஃபைலை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். உள்ளே எட்டிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டு முடித்து, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கோலத்தைப் பார்த்த தலைமையாசிரியர், வரும் வழியில் ஏதும் விபத்தா என்று பதறியிருக்கிறார்.

"இல்ல சார். வீட்டுக்காரர் மெக்கானிக்கு" என்றாளாம்.

அந்த வேலை அவளைத் தலைமையாசிரியை வரைக்கும் கொண்டுபோயிற்று. பணிநிறைவு விழாவில் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைத்தான் சொன்னாள். கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது. எங்கள் வீட்டில் டி.வி. தெரியாவிட்டாலும், கிரைண்டர் சுற்றாவிட்டாலும், பேரன் சாப்பிட மறுத்தாலும், "மொதல்ல மூடியத் தெறந்து பாருங்க தாத்தா" என்றுதான் இன்றைக்கும் சொல்லுகிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அந்த விழாவில் வாட்ச்மேன் வரைக்கும் நன்றி சொன்னவள், என் பெயரைச் சொல்லவில்லை. நான் கேட்பது இதுதான்: நாலு தடவையும் அந்த மூடியைத் திறந்தது யார்? நான் திறக்காவிட்டால் அவள் எதைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாள்? ஆகவே இனி இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள், குறை கண்டுபிடிக்கப்பட்டதில் பாதி என் பங்கு என்று சேர்த்தே சொல்லவேண்டும். சந்தனத்தை அப்பியது யார் என்ற பேச்சை இதில் கொண்டுவரக் கூடாது.