விசிறிக்கு விடுதலை கொடுத்த சனிக்கிழமை

ஸ்கோக்லண்ட், மினசோட்டா
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும்

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா இர்மாவுக்கு, தம்பி டெல்மர் பணிவோடு எழுதிக்கொண்டது.

அரிசோனா வெயில் உன் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறது என்று நம்புகிறேன். அத்தான் கோல்ஃப் வண்டியை மறுபடியும் யாருடைய நீச்சல் குளத்திலும் இறக்கவில்லை என்றும் நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரி மிர்னா சௌக்கியம், நாய் சௌக்கியம், நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். பனி ஒருமுறை விழுந்து, பிடிக்காமல் போய்விட்டது.

இதை நான் அவசரமாக எழுதக் காரணம் உன் மகள் சோல்வெய். மான் வேட்டைக்குப் போயிருக்கும் அவள் இன்று சாயங்காலம் திரும்பி வந்து, நேற்று சங்கத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டு, முதல் வேலையாக உனக்குத்தான் போன் செய்வாள். அவள் சொல்வதை இந்தக் கடிதம் வந்து சேரும்வரை நம்பாதே. கடிதம் வருவதற்கு முன்னால் ‘நம்பக் கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்’ என்று நீ கேட்பாய் என்கிறாள் மிர்னா. அதற்கு நான் என்ன செய்ய முடியும், தபாலாபீஸ் அப்படி இருக்கிறது.

தானியக் கூட்டுறவுச் சங்கத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது சோல்வெய், சங்கத்தைப் பார்த்துக்கொள்வது நான், இதில் இதுவரை எந்தத் தகராறும் வந்ததில்லை. ஆனால் இந்த வருஷம் அக்டோபர் முழுக்க மழை. வந்து இறங்குகிற மக்காச்சோளம் எல்லாம் துவைத்துப் பிழிந்த சட்டை மாதிரி வருகிறது. அதை உலர்த்தியில் விட்டுக் காய வைக்காமல் குதிரில் கொட்டி வைத்தால் உள்ளேயே சூடேறிப் பூசணம் பிடித்துப் போகும் என்பது உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அதனால் உலர்த்தி இரவு பகலாக ஓடுகிறது. இந்த நேரம் பார்த்து உன் மகளுக்கு மான் ஞாபகம் வந்து, வெள்ளிக்கிழமை வேட்டைக்காரர் போடும் ஆரஞ்சு நிறக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, போனே எடுக்காத காட்டுக்குள் அவள் சித்தப்பாவின் குடிலுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் அங்கே முனகிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மெஷினைக் காட்டினாள். உலர்த்தியை ஓட்டுவது அதுதான் என்பது ஊரறிந்த விஷயம்.

“மாமா, இதுல மஞ்ச விளக்கு எரிஞ்சா பதறாதீங்க. உங்க மேஜையில இருக்கிற கறுப்புத் திரையில இந்த வார்த்தையைத் தட்டுங்க. என்ன பழுதுன்னு அதுவே சொல்லும். படிங்க. படிச்சுட்டு சும்மா இருங்க.”

அந்த வார்த்தை ‘எஃப்-எம்-ஆட்ம் ஃபால்ட்டி’. பொய்ப்பல் கழன்றவன் தும்மியது போல ஒரு வார்த்தை. ஆனால் நான் கற்றுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை லாரிகள் வரிசை கட்டி நின்றன. காப்பியை ஊற்றிக்கொண்டிருக்கும்போது உலர்த்தியின் இரைச்சல் இறங்கியது, ஒரு இருமல், அப்புறம் சத்தமே இல்லை. பின்னறையில் எட்டிப் பார்த்தால் மஞ்சள் விளக்கு! நான் பதறவில்லை, காப்பி மட்டும் சட்டையில் கொட்டியது. உட்கார்ந்து வார்த்தையைத் தட்டினேன். உடனே திரையில் ஒரு குற்றப்பத்திரிகை கொட்டியது அக்கா. சரக்கு ரயில் நீளத்துக்கு ஒரு கேஸ் நம்பர், அதன் கீழே குற்றத்தின் வகை, கடுமை, சந்தேகத்துக்கு உரியவர்கள். இரண்டு பேர். ஒன்று மெஷினுக்குள்ளே இருக்கும் விசிறி, மற்றது விசிறிக்கு மின்சாரம் கொடுக்கும் பலகை. ஆளுக்கு ஐம்பது சதவீத சந்தேகம்.

இந்த இடத்தில் வெர்ஜில் வந்து சேர்ந்தான். மிர்னாவின் தம்பியை உனக்குத் தெரியும், மாவட்டக் கோர்ட்டில் ‘எல்லாரும் எழுந்திருங்கள்’ என்று கூவுவதே அவன் வேலையாக இருந்தது, ஓய்வு பெற்றபின் கூவுவதற்கு இடமில்லாமல் தினமும் சங்கத்துக்கு வந்துவிடுகிறான். அவன் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

“மச்சான், ஆளுக்குப் பாதி சந்தேகமா? இது கேஸே நிக்காது. இந்தப் பாதியை வெச்சுக்கிட்டு ஒரு கோழித் திருடனைக்கூட உள்ள தள்ள முடியாது.”

“அதுக்கு நான் என்னடா பண்றது?”

“வேற என்னென்ன வார்த்தை இருக்குன்னு கேளு.”

கேட்டேன். ‘சரிசெய்தாகிவிட்டது’ என்று சொல்ல ஒரு வார்த்தை, ‘மாற்றியாகிவிட்டது’ என்று சொல்ல ஒரு வார்த்தை, மூன்றாவதாக ‘அக்விட்’. குற்றவாளி இல்லை என்று விடுவித்துவிடுவது. வெர்ஜிலின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “என் பாஷை பேசுதுடா மெஷின்!” என்றான்.

அதற்குள் லாரிக்காரர்கள் ஆபீசுக்குள் வந்து நின்றார்கள். வெர்ஜில் எல்லாரையும் எழுந்திருக்கச் சொன்னான், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். விசாரணை நடந்தது. விசிறிக்கு முன்குற்றம் ஏதுமில்லை, பார்த்த சாட்சி இல்லை. விவசாயி ஆர்லோ ஸ்டென்ஸ்ருட் மட்டும் கத்தினான், “அங்க என் சோளம் சூடாகுது, இங்க நீங்க கோர்ட்டு நடத்துறீங்களா?” அதற்கு வெர்ஜில், “உனக்கு இந்த வழக்கில் சொந்த அக்கறை இருக்கு, நீ வாயைத் திறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டான். நான் விசிறியை விடுவித்தேன். விளக்கு அணைந்தது! கைதட்டல் காதைப் பிளந்தது. ஓடிப்போய் உலர்த்தியை முடுக்கினேன், ஒரு நீலச் சுடர் எட்டிப் பார்த்தது, இருமியது, செத்தது. திரும்பி வந்தால் மறுபடியும் மஞ்சள்.

சரி, விசிறி நல்லவன் என்றால் பலகைதான் கெட்டவன் என்று நினைப்பாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், ஆனால் பலகையைத் தண்டிக்க எந்த வார்த்தையும் இல்லை, விடுவிக்க மட்டும்தான் இருக்கிறது, ஆகவே அதையும் விடுவித்தோம். விளக்கு அணைந்தது, சுடர் இருமியது, விளக்கு எரிந்தது. இந்தத் தடவை மெஷின் விசிறியின் மேலேயே முழுச் சந்தேகத்தையும் சுமத்தியிருந்தது. வெர்ஜிலுக்கு வந்ததே கோபம். திரையைப் பார்த்து விரலை ஆட்டி, “விடுதலை ஆனவனை அதே குற்றத்துக்குத் திரும்பக் கூண்டில் ஏத்துறியா? இந்த நாட்டுல அதுக்குச் சட்டம் கிடையாது, தெரியுமா?” என்று மெஷினோடு வாதாடினான். மெஷின் நம் அரசியல் சட்டத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

அப்போதுதான் அவன் என் காதோரம் வந்து, “மச்சான், ‘மாத்தியாச்சு’ன்னு சொல்லிடு. புது விசிறின்னு நினைச்சுக்கட்டும்” என்றான்.

“மாத்தலையேடா.”

“அதுக்கு எப்படித் தெரியும்?”

“நான் ஞாயிறு பள்ளியில பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவன். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது.”

“அது பக்கத்து வீட்டுக்காரனைப் பத்தி. மெஷினைப் பத்தி இல்ல.”

“எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சுவர்தான் இருக்கு. பக்கத்து வீடுன்னா வேற என்னவாம்?”

ஆனால் வெளியே ஹாரன் சத்தம் நெடுஞ்சாலை வரைக்கும் போய்விட்டது. அக்கா, நான் பொய் சொன்னேன். ‘மாற்றியாகிவிட்டது’ என்று தட்டினேன். மெஷின் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பியது. விளக்கு சாதுவாக அணைந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னறையிலிருந்து, வால் மிதிபட்ட பூனை கத்துவதுபோல ஒரு சத்தம் வந்து, மெஷின் மொத்தமாகக் கண்ணை மூடிவிட்டது.

ஆர்லோ என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனான். ஈரச் சோளம் கொட்டிவைத்த குதிரின் தகரத்தில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அந்தக் குளிரிலும் தகரம் கதகதவென்று இருந்தது. போன வருஷம் ஆலங்கட்டி மழையில் ஒரு கதிர்கூட மிஞ்சாமல் போனவன் அவன். இந்த வருஷம் விளைந்தது முழுதும் அந்தக் குதிரில்தான் இருந்தது.

“அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு அந்த மெஷினைப் பத்தித் தெரியுமா, தெரியாதா?”

“தெரியாது ஆர்லோ.”

“அதை காலையிலயே சொல்லியிருந்தா, அந்தக் காட்டுக்கு நானே வண்டியை விட்டு உங்க மருமகளைக் கூட்டிட்டு வந்திருப்பேனே!” என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் திட்டவில்லை, தகரத்திலிருந்து கையையும் எடுக்கவில்லை.

நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வந்தால் மிர்னா, எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடாக உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட ஹாட்டிஷ் தட்டோடு நிற்கிறாள். தட்டை வைக்க மேஜையில் இடம் தேடியவள் என் கறுப்புத் திரையைப் பார்த்தாள். மெஷின் செத்தாலும் அது கடைசியாக எழுதியது அங்கே அப்படியே இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தாள். பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தவள், எதையும் அட்டையிலிருந்து அட்டைவரை படிக்காமல் விடமாட்டாள்.

“டெல்மர், இதைக் கீழ வரைக்கும் படிச்சியா?”

“சந்தேகத்துக்கு உரியவங்க வரைக்கும் படிச்சோம்.”

“அதுக்குக் கீழ ‘செய்யவேண்டியது’ன்னு தனியா ஒரு வரி இருக்கு. விசிறி சுத்தலை, காத்து போற வழி அடைச்சிருக்கான்னு பாருன்னு போட்டிருக்கு. இத்தனை ஆம்பளைங்க நின்னு என்ன பண்ணீங்க?”

வெர்ஜில் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான்.

மெஷினை இழுத்துத் திருப்பினோம். பின்பக்கம் முழுக்கச் சோளத்தின் சிவப்பு உமி கம்பளி போட்டதுபோல அப்பிக் கிடந்தது. விசிறி அதற்குள்ளே கழுத்து நெரிபட்டுக் கிடந்தது. குற்றவாளியும் அல்ல, நிரபராதியும் அல்ல, பாவம், கொலையுண்டவன். மிர்னா வீட்டிலிருந்து கொண்டுவந்த தூசி உறிஞ்சியால் நான் என் கையாலேயே உறிஞ்சி எடுத்தேன். பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது, பச்சை விளக்கு வந்தது, அந்தக் கணமே வெளியே உலர்த்தி ‘பூம்’ என்று பற்றிக்கொண்டு சிங்கம் மாதிரி கர்ஜித்தது அக்கா! ஆபீசில் ஒரே கூச்சல். வெர்ஜில் மேஜைமேல் ஏறிவிட்டான். ஜன்னலோரம் எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஆர்லோ ஹாட்டிஷ் தட்டின் முன்னால் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாதித் தட்டைக் காலி செய்தான். சாயங்காலத்துக்குள் அவனுடைய சோளம் காய்ந்து இறங்கியது. ஒரு மணிகூடக் கெடவில்லை.

ஆகவே நான் உன்னிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சோல்வெய்யிடம் பதமாக எடுத்துச் சொல். மாமா இப்போது மெஷினைக் கையாளத் தெரிந்தவர், இனி அவள் மனம் போல லீவு எடுக்கலாம், மான் மட்டுமல்ல, வான்கோழி, முயல் எதை வேண்டுமானாலும் சுடப் போகலாம். திங்கட்கிழமை சங்கத்துக் கூட்டத்திலும் இதை நானே அறிவிக்கலாம் என்றிருக்கிறேன். நடந்ததில் பாதிப் பெருமை மிர்னாவுக்கு என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பெரிய மனது உண்டு என்பதும் உனக்குத் தெரியும்.

உன் முழங்காலும் அத்தானின் வண்டியும் ஒழுங்காக ஓட ஆண்டவன் அருளட்டும். உன் வாசல் ஆரஞ்சு மரம் காய்த்துத் தொங்கட்டும், அதில் ஒரு பெட்டி வடக்கே வரட்டும். மிர்னா அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உன் பாசமுள்ள தம்பி,
டெல்மர் ஹௌகன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சோல்வெய் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி ஆடி ஆடிச் சிரித்தாள். உலர்த்திக்கும் அந்த மெஷினுக்கும் சம்பந்தமே இல்லையாம். வெயில் காலத்திலேயே எல்லாவற்றையும் வேறு மெஷினுக்கு மாற்றிவிட்டாளாம். உலர்த்தி நின்றது காஸ் தீர்ந்ததால். காஸ் வண்டிக்காரன் காலையிலேயே வந்து சோள லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஒருவழியாக உள்ளே நுழைந்து நிரப்பி, அவனே உலர்த்தியைப் பற்றவைத்திருக்கிறான். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலில் நாங்கள் எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தோம். ‘இத்தனை வருஷமா காஸ் போடறேன், இப்படி ஒரு மரியாதையை எங்கயும் பார்த்ததில்ல’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். வேலையே இல்லாத மெஷினை எதற்கு ஓடவிட்டிருக்கிறாய் என்று கேட்டேன். “உங்களுக்காகத்தான் மாமா. அதுல நீங்க கை வெச்சுக்கிட்டிருக்கிற வரைக்கும் நிஜ மெஷின் பக்கம் வரமாட்டீங்களே” என்றாள். நிஜ மெஷின் எங்கே இருக்கிறது என்று எவ்வளவோ கேட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். உனக்குத் தெரிந்திருந்தால், அக்கா, எனக்கு மட்டும் தனியாக எழுது.