வாடிக்கையாளர் மறுக்கப்பட்டார்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, மாமா, நான் எல்லாரும் நலம். டேட்டாபேஸ் நலமா என்று மட்டும் சொல்ல முடியவில்லை, அது எங்களோடு பேசுவதில்லை. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் பகலெல்லாம் பயிற்சி என்று உன் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் நீ கூப்பிட்டால் அப்பா பிடுங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா, தூங்கினியா, கண்ணாடியைத் துடைச்சியா" என்று கேட்டுவிட்டு அவரே வைத்துவிடுகிறார். என் கைக்கு வந்தாலும் நீ "ஹலோ" என்பாய், அதற்குப் பதில் சொல்லவே நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மெயில்.

விஷயம் இதுதான். சனிக்கிழமைக்குள் நம் கண்ணாடிக் கடை லேப்டாப்பில் டேட்டாபேஸ் திறக்காவிட்டால் உள்ளறைக் கம்ப்யூட்டர் வேலைக்கு வேறு ஆள் வைத்துவிட்டு என்னை முன்னால் கவுன்டரில் நிறுத்தப் போவதாக அப்பா சொல்லிவிட்டார். கவுன்டரில் நின்றால் வருகிறவர்களிடம் பேச வேண்டும். சிரிக்கவும் வேண்டுமாம். பள்ளிக்கூடத்தை விட்டபோது எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். எனக்கோ, இனிமேல் யாரும் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்ல மாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரே நிம்மதி. இப்போது அப்பா அதைவிடப் பெரிய வகுப்பில் கொண்டுபோய் என்னை நிறுத்தப் பார்க்கிறார்.

போன வாரம் இன்டர்நெட்காரர் வந்து பழைய ரூட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நீ செய்து வைத்த கடை புரோகிராம் ஒரு வட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறதே தவிர ஒருவருடைய பவரையும் காட்டவில்லை. வந்தவர்களின் கண் விவரம் அத்தனையையும் கிளவுட் என்கிற மேகத்தில் ஏற்றிவிட்டு நீ போய்விட்டாய், இறக்கத்தான் வழியில்லை. புரோகிராம் போனால் போகட்டும், நேராகவே கேட்டுவிடலாம் என்று நீ சொல்லிக்கொடுத்த, கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். அதில் ஒரு நீள வரி அடிக்க வேண்டும் அல்லவா, பயனர் பெயர், பாஸ்வேர்டு, அப்புறம் @ போட்டு டேட்டாபேஸ் குடியிருக்கிற கிளஸ்டரின் பெயர். பாஸ்வேர்டு வர வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் < > என்று கொக்கி போட்டுக் காட்டியிருந்தார்கள். கொக்கியோடுதான் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நானும் பாஸ்வேர்டுக்குக் கொக்கி மாட்டியே அனுப்பினேன். மறுத்துவிட்டது. கொக்கியைக் கழற்றி அனுப்பினேன். அப்போதும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, உன் பாஸ்வேர்டின் நடுவிலேயே ஒரு @ உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் பாஸ்வேர்டு முடிந்துவிட்டது என்று கறுப்பு ஜன்னல் நினைத்துக்கொண்டு, மிச்சத்தை இடத்தின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஓர் இடத்தைத் தேடிக் கிளம்பிவிட்டது. பாஸ்வேர்டை எங்கேயும் எழுதக்கூடாது என்று நீ சொன்னதால் எழுதவில்லை. ஆனால் அந்த மிச்சம் எந்த விலங்கின் பெயர் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெயரில் உலகத்தில் எந்த இடமும் கிடையாது.

உதவிப் பக்கத்தை அகராதி வைத்துப் படித்து அதையும் திருத்தினேன். அப்போதும் திறக்கவில்லை. சரி, டேட்டாபேஸைப் படமாகக் காட்டுகிற கருவியில் பார்க்கலாம் என்று அதைப் போட்டேன். அதில் தமிழ் இருக்கிறது என்று பார்த்ததும் ஆசையாகத் தமிழுக்கு மாற்றினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். சிவப்புக் கட்டத்தில் கொட்டை எழுத்தில், 'வாடிக்கையாளர் மறுக்கப்பட்டார்' என்று வந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா டீ டம்ளரோடு உள்ளே வந்தார்.

"யாரு மறுத்தது?" என்றார்.

நான் அவசரமாகக் கட்டத்தை மூடப் பார்த்தேன்.

"கடை சாத்துற நேரத்துல வந்தவங்களைக்கூட நான் இதுவரைக்கும் திருப்பி அனுப்பினதில்ல. எந்த வாடிக்கையாளரை மறுத்தே? வெளியில நிக்கிறாரா, போயிட்டாரா?"

"நம்மளைத்தான்பா மறுத்திருக்கு. நாமதான் வாடிக்கையாளர்."

"நாம கடைக்காரங்கடி!"

"நமக்கு நாம கடைக்காரங்க. அதுக்கு நாம வாடிக்கையாளர்."

"எதுக்கு?"

நான் விரலை மேலே காட்டினேன். அப்பா நிமிர்ந்து மின்விசிறியை வெகுநேரம் பார்த்தார். "அதுல என்ன கோளாறு? நல்லாத்தானே சுத்துது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் மனசு ஆறவில்லை. அதன்பிறகு கடைக்குள் வந்த ஒவ்வொருவரையும், "உங்களை யாரும் மறுக்கலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்கிறார்.

இதில் பெரிய அதிசயம், லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனால் திறக்கிறது அண்ணா! கறுப்பு ஜன்னல் திறக்கிறது, படக் கருவி திறக்கிறது, உன் புரோகிராமும் ஒன்றுமே நடக்காதது மாதிரி எல்லார் பவரையும் காட்டுகிறது. சந்தோஷத்தில் அப்படியே மூடித் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்குள் வந்ததும் பழையபடி மறுப்பு. "அதுக்கு உங்கம்மாவைத்தான் பிடிக்குது" என்றார் அப்பா. பிடிக்கிறவர்களிடமே விட்டுவிடலாம் என்று லேப்டாப்பை வீட்டில் அம்மா பக்கத்தில் வைத்து, பெயரைத் தேடுவது எப்படி என்று காட்டிக்கொடுத்து, கடையிலிருந்து போனில் கேட்பதாக ஏற்பாடு செய்தோம். முதல் ஆளாக ஒரு பஸ் டிரைவர் உடைந்த கண்ணாடியோடு வந்தார். அப்பா போனில் கேட்டார். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே, "ரெண்டே கால்" என்றாள். அப்பா சோதனைச் சட்டத்தில் லென்ஸை மாட்டி டிரைவர் மூக்கில் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"முன்ன மங்கலா ஒரு சுவர் தெரிஞ்சுதுங்க. இப்ப சுவரும் போயிடுச்சு."

"நல்லாப் பாருங்க."

"பாக்கறேனே. நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

நான் போனை வாங்கி, எண்ணுக்கு முன்னால் ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒரு சின்னக் கோடு இருக்கு. அழகுக்குப் போட்டிருக்காங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். கிட்டப்பார்வைக்காரருக்கு எட்டப்பார்வை லென்ஸை மாட்டியிருக்கிறோம்! நல்ல வேளை, சோதனைச் சட்டத்தோடு போயிற்று. சரியான லென்ஸை மாட்டியதும் டிரைவர் அப்பாவைப் பார்த்து, "ஓ, நீங்கதானா!" என்று சிரித்தார். அம்மாவுக்குத்தான் கோபம். "கோட்டையும் சேர்த்துச் சொல்லணும்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினா குடி முழுகிடுமா?" என்று என்னை ஒரு பிடி பிடித்துவிட்டாள். அத்தோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

அடுத்து பொத்தான் மாமா வந்தார். எந்தப் பொத்தானைக் கண்டாலும் அமுக்கிப் பார்க்காமல் இருக்க மாட்டார், உனக்குத் தெரியும். அதற்குள் நான் உதவிப் பக்கத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆளுக்கு ஒரு முகவரி இருக்கிற மாதிரி ஒவ்வோர் இன்டர்நெட் இணைப்புக்கும் எண்ணால் ஒரு முகவரி உண்டாம். நீ கொடுத்து வைத்த பட்டியலில் இருக்கிற முகவரியிலிருந்து போனால்தான் கிளஸ்டர் கதவைத் திறக்கும். வீட்டு முகவரி அதில் இருக்கிறது. ரூட்டர் மாறியதில் கடை முகவரி மாறிவிட்டது. அவ்வளவுதான். இதைச் சொன்னதும் மாமா, "அப்ப எந்த முகவரியா இருந்தாலும் உள்ள விடுன்னு போட்டுடு. அதுக்குன்னே ஒரு பொத்தான் இருக்குமே" என்றார். அப்பாவும், "கடைன்னா அப்படித்தானே இருக்கணும்? யார் வந்தாலும் வாங்கன்னு சொல்லணும்" என்றார். நான் என்னையும் அறியாமல், "வேண்டாம்! அது மத்தவங்க கண்ணு!" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் கத்தியதைவிட, எனக்குக் குரல் இருப்பதே அவர்களுக்கு ஆச்சரியம் போலிருக்கிறது. பிறகு போய்ப் பார்த்தால், பட்டியலை மாற்றும் உரிமையே உன் கணக்குக்கு மட்டும்தான் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த டேட்டாபேஸ் மேல் கோபமே வரவில்லை. தெரியாத இடத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் நானும் பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறவள்தானே. யாராவது அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அதனால், அண்ணா, கடையின் புது முகவரியை இதோடு தனியாக இணைத்திருக்கிறேன். இன்று சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பட்டியலில் சேர்த்துவிடு. சனிக்கிழமைக்குள் கட்டாயம் வேண்டும். என் மானம் உன் கையில்.

வேளைக்குச் சாப்பிடு. சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைக்காதே, கீறல் விழும். உன்னோடு பயிற்சியில் இருப்பவர்கள் எல்லாரையும் கேட்டதாகச் சொல், ஆனால் யார் கேட்டது என்று சொல்லாதே. கண்ணும் மனசும் தெளிவாக நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: இதை அனுப்பப் போகும்போது அப்பா லென்ஸ் வாங்கி வரப் போய்விட்டார். கடையில் நான் மட்டும். ஓர் அம்மா தன் சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஓடப் பார்த்தேன், ஆனால் அந்தப் பெண் என்னைவிட வேகமாக அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். எழுத்தைப் படிக்கச் சொன்னால் வாயே திறக்கவில்லை. நான் E எழுத்து மாதிரி கவை போட்ட படங்கள் இருக்கும் அட்டையை எடுத்து வைத்து, கவை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டச் சொன்னேன். அதையும் கையாலேயே சொன்னேன். கடைசி வரி வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா வந்து மறுபடி சோதித்துவிட்டு, "சரியாத்தான் பாத்திருக்கா" என்றார். அந்த அம்மா போகும்போது, "சனிக்கிழமை கண்ணாடி வாங்க வருவோம், நீங்க இருப்பீங்கல்ல?" என்றார். "இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன், எப்படி என்று கேட்காதே. அப்புறம் உள்ளறை வேலைக்கு அப்பா சொல்லி வைத்திருந்த ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் என்னைவிடக் கூச்சக்காரர். தன் பெயரையே சுவரிடம்தான் சொன்னார். பாவம், அவரைக் கவுன்டரில் நிறுத்த முடியாது. எனவே நீ ஒன்றும் அவசரப்படாதே. அடுத்த வாரம் முகவரியைச் சேர்த்தால் போதும், அவரை நானே டேட்டாபேஸுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன்.