மானுக்குப் போட்ட கட்டு

ஒரு பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதை அவளுடைய மாமியாரிடம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள். இல்லையென்றால் என் மாமியாரைப் போல இரண்டு பங்கு கூட்டிச் சொல்வார்கள். நான் மதுரையில் படித்தது பி.எஸ்ஸி. விலங்கியல். தவளையை மல்லாக்கப் போட்டு நாலு காலிலும் ஊசி குத்தி வயிற்றைக் கிழிக்கத் தெரியும். கரப்பான்பூச்சியின் வாயைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைக்கத் தெரியும். என் கைக்கு வந்த எந்த உயிரும் எழுந்து நடந்து போனதில்லை. இந்தப் படிப்பைத்தான் அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) "எங்க செல்வி மிருக டாக்டருக்குப் படிச்சவ" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நான் திருத்தியிருக்கலாம். ஆனால் கல்யாணமான புதிது. என் ரசத்தை வாயில் வைக்க முடியாது, கோலம் ஒரு பக்கமாகச் சாயும். இந்த டாக்டர் பட்டம் ஒன்றுதான் அந்த வீட்டில் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை எதற்கு நானே கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

எங்கள் வீடு ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற ரோட்டில், மாந்தோப்பை ஒட்டிய கடைசி வீடு. பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி ஓடும். நெய்வது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரிக்குப் போனது போக மிஞ்சியதெல்லாம் வீட்டுக்குள் வரும். காப்பி வடிகட்ட அந்தத் துணி, தலை துவட்ட அந்தத் துணி, ஜன்னலுக்குத் திரையும் அதுதான். நோய் என்று வந்தாலும் முதல் வைத்தியம் ஒரு கட்டு. தலைவலிக்கு நெற்றியில், பல்வலிக்குத் தாடையைச் சுற்றி. வயிற்றுவலிக்கு எங்கே கட்டுவார்கள் என்று நான் கேட்டதில்லை (கட்டியிருப்பார்கள்).

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. மலையில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது. காலையில் துணி துவைக்கப் பின்வாசல் கதவைத் திறந்தேன். முருங்கை மரத்தடியில், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஏதோ படுத்திருந்தது. யார் வீட்டு ஆடோ என்று விரட்டப் போனவள், முதுகில் புள்ளிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மான். பெட்டை மான். விலா எலும்பு தெரிந்தது. கண்ணில் பீளை கட்டி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றது, முடியவில்லை. காது மட்டும் என் பக்கம் திரும்பியது.

என் மனதில் முதலில் தோன்றியது என்ன தெரியுமா? சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போய் அடுப்படியில் உட்கார்ந்துகொள்ளலாம், நான் எதையும் பார்க்கவில்லை. வெறும் பயம்தான். அன்று முழுவதும் எனக்குத் தோன்றியவற்றில் உருப்படியான யோசனை அது ஒன்றுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் அத்தை பின்னால் வந்துவிட்டார்.

"ஏட்டி! அய்யனார் மலையிலருந்து உன்னத் தேடில்லா வந்திருக்கு!"

என் கணவர் வந்து பார்த்தார். "செண்பகத்தோப்புல ஃபாரஸ்ட் ஆளுக இருப்பாக. போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று மொபெட்டை எடுத்தார். அடுத்த வீட்டுப் பட்டாளத்து மாமா, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர், குறுக்கே நின்றார்.

"ஏலே, கூறு இருக்கா உனக்கு? மான் செத்துச்சுன்னா கேஸ் உன் மேலதான் விழும். பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு நடந்தே உன் செருப்பு தேஞ்சுரும்."

"அது எதுக்குச் சாவுது? வீட்டுக்குள்ளயே டாக்டர் இருக்கால்லா?" என்றார் அத்தை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் பார்த்த பார்வை வேறு. அவருக்கு என் படிப்பு என்னவென்று தெரியும். மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார். அப்போதாவது வாயைத் திறந்து "அத்தை, நான் படிச்சது அதுக்கில்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"வெந்நீர் கொண்டு வாங்க."

எதற்கு வெந்நீர் என்று எனக்கே தெரியாது. சினிமாவில் டாக்டர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. அண்டா நிறைய வந்தது. அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கம் வந்தது, தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்தார்கள், மாந்தோப்புக் காவல்காரர் குடும்பத்தோடு வந்தார். ஒரு அம்மா மானின் நெற்றியில் குங்குமம் வைத்தார். தறிக்காரர் ஒருவர் "உசுரு இருக்கையிலயே..." என்று இழுக்க, "போய் வாயக் கழுவிட்டு வாலே" என்று அத்தை கத்தினார். மான் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. போக வழியில்லை. சுற்றிலும் கால்கள்.

வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. கூட்டம் காத்திருந்தது. முன்னங்காலில் முள் கீறிய சின்னக் காயம் ஒன்று என் கண்ணில் பட்டது. அப்பாடா, எனக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது.

"கட்டுப் போடணும்" என்றேன்.

அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது. கொட்டகையிலிருந்து துணி சுருள் சுருளாக வந்தது. காலைக் கட்டினேன். "நெஞ்சு வெடவெடங்குது பாரு, அங்கயும் ஒரு சுத்துப் போடு" என்றார் அத்தை. நெஞ்சைக் கட்டினேன். குளிர் காய்ச்சலாக இருக்கும் என்று யாரோ சொல்ல, வயிற்றையும் மற்றக் கால்களையும் கட்டினேன். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மான் ஒரே ஒரு தடவை கத்தியது. குழந்தை கத்துவதுபோல இருந்தது. பிறகு கத்தவில்லை. அது அடங்கிவிட்டதை நான் ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே இதயம் தறி ஓடுகிற வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். செத்த நேரத்தில் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. மூச்சும் நிதானமானது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலையை நிமிர்த்தி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"துடிப்பு அடங்குது. குணமாகுது."

அத்தை என் முகத்தை வழித்து நெட்டி முறித்தார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பட்டாளத்து மாமா மட்டும் குனிந்து, மானின் கண்ணைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அம்மாடி" என்றார் மெதுவாக, "அது போயிருச்சு."

என் கை அப்போதும் அந்தக் கட்டின் மேல்தான் இருந்தது.

என் கணவர் ஜீப்போடு வந்து சேர்ந்தபோது பின்வாசல் முற்றத்தில் தலையும் வாலும் மட்டும் தெரிகிற ஒரு வெள்ளைப் பொட்டலம் கிடந்தது. வந்த ஃபாரஸ்ட் கார்டு அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எதை மறைக்கிறதுக்கு இம்புட்டுச் சுத்து? குண்டுக் காயமா?" என்றார். கட்டைப் பிரிக்கச் சொன்னார். நானே பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு துணியையா சுற்றினேன் என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. கடைசியில் அந்த முள் கீறல் மட்டும்தான் மிஞ்சியது.

கூட வந்த கால்நடை டாக்டர் வயதில் சின்னவர். "யாரு கட்டினது?" என்று கேட்டார்.

"எங்க மருமக" என்றார் அத்தை, குரல் உடைந்திருந்தாலும் விட்டுக்கொடுக்காமல். "அவளும் டாக்டருக்குத்தான் படிச்சிருக்கா."

"அப்படியா? எந்தக் காலேஜ்?"

"பி.எஸ்ஸி. விலங்கியல்" என்றேன் தரையைப் பார்த்து.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "சீக்குதான், ஆனா இது சீக்குல சாகலம்மா" என்றார். "பயத்துல செத்திருக்கு. ஆளுக கிட்ட வராம, தண்ணிய வச்சுட்டுக் கதவச் சாத்தியிருந்தீங்கன்னா நாங்க வர்ற வரைக்கும் உசுரோட கிடந்திருக்கும்."

அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை. நான் அழுதேன். மானுக்காகப் பாதி, எனக்காகப் பாதி. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் என் படிப்பைப் பற்றிப் பேசவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் விடுவார்களா? இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், "செல்வி வந்து குணமாகுதுன்னு சொல்லிட்டாளா? அப்ப துக்கம் சொல்ல ஊருக்கு ஆளனுப்பிருங்க" என்பார்கள். என் பையன் காய்ச்சலில் கிடந்தாலும் நான் தொடப்போனால் எழுந்து உட்கார்ந்து "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பான்.

சில வருடங்களுக்கு முன் அத்தை கடைசியாகப் படுத்தார். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம், ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த முற்றம் நினைவுக்கு வந்துவிட்டது. எல்லாரையும் வெளியே அனுப்பினேன். ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, தொடாமல், எட்டத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"ஏட்டி" என்றார், "நான் என்ன மானா? கிட்ட வந்து உக்காரு."