ராணி நக்கிய மேகம்

ஓவியம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்தில் நாலு பேர் நின்றால் போதும், வித்தையைக் காட்டியே தீர வேண்டும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு டிராயிங் டீச்சராக வந்த புதிது. ஊர் ஓவியர் சங்கத்தில் சேர, ஏரிக்கரையில் எல்லார் முன்னாலும் ஒரு படம் வரைந்து காட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். (அந்த டீயைவிடப் பெரிய அவமானம் கிடையாது.) நானோ, 'சங்கத்தில் நானும் மெம்பர்' என்று வகுப்பில் முன்கூட்டியே அளந்துவிட்டிருந்தேன். என் மாணவிகள் ஒன்பது பேரும் முன்வரிசையில் நின்றார்கள்.

மலையையும் ஏரியையும் தீட்டினேன். வானத்துக்கு நீலத்தை ஈரமாக இழுத்துவிட்டு, "இப்பப் பாருங்க!" என்று கல்லுப்பை அள்ளித் தூவினேன். உப்பு ஈரத்தை உறிஞ்சி, காய்ந்ததும் மேகம்போல வெள்ளைத் திட்டுகள் விழும். மதுரையில் பத்து நிமிட வேலை. இங்கே மூடுபனியில் அரைமணி நேரமாகியும் காயவில்லை. சங்கத் தலைவர் கொட்டாவி விட்டார்.

"கொஞ்சம் காத்தாடட்டும் சார்" என்று படத்தைப் பலகையோடு வேலியில் சாய்த்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் சவாரிக் குதிரைகள் நிற்பதை நான் யோசிக்கவே இல்லை.

தலைவருக்கு உப்பின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தேன். மாணவிகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். திரும்பினால், ராணி என்ற வெள்ளைக்குதிரை என் வானத்தைக் கண்மூடி நக்கிக்கொண்டிருந்தது. (என் ஓவியத்தை அவ்வளவு ரசித்தவர் அதுவரை யாருமில்லை.)

குதிரைக்காரர் ஓடிவந்தார். "என்னங்க டீச்சர், நாக்கு நீலமாக் கெடக்கு! விஷமாங்க?"

"இல்லண்ணே, சின்னப்புள்ளைக பூசுற கலருதான்."

"உப்பப் பாத்தா குதிர விடாதுங்களே! படத்துக்கு எதுக்குங்க உப்பு? ருசி பாக்கவா?"

அதுவரை உப்பைப் பற்றியே பேசிய நான், மிச்ச உப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். டீ உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

தலைவர் பலகையை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தார். நாக்கு போன வழியெல்லாம் வெளுத்து, மலையுச்சியில் அசல் மூடுபனி இறங்கியிருந்தது.

"மலை சுமார்தாம்மா. ஏரியப் பத்திப் பேச வேணாம். ஆனா இந்த மேகம் இருக்கே, முப்பது வருஷமா எங்க ஒருத்தருக்கும் கைவரல!"

சேர்த்துக்கொண்டார்கள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து எனக்கு அழுகை முட்டியது. படம் இன்னும் சங்கத்துச் சுவரில் தொங்குகிறது. என் கையெழுத்துக்குக் கீழே, 'மேகம்: ராணி' என்று ஒரு மாணவி எழுதிவைத்திருக்கிறாள்.

இப்போதும் நான் வரைய உட்கார்ந்தால், என் கணவர் உப்பு டப்பாவோடு வந்து, "குதிரையக் கூப்பிடவா?" என்பார். கோபமாகத்தான் முறைப்பேன். மேகம் சரியாக வராத நாட்களில் மட்டும், கூப்பிடச் சொல்லலாமா என்று இருக்கும்.