மிஷின் கண்ணுக்கு வைத்த பொட்டு

பதுளையில் ஒழுங்காக ஓடுகிற எந்தப் பொருளையும் நிம்மதியாக ஓடவிடாத ஒரே மனிதர் எங்கள் ட்ரையல் அண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன். சுவர்க் கடிகாரம், கிரைண்டர், பக்கத்துக் கடை நானாவின் தராசு, எதைக் கண்டாலும் ஸ்குரூ டிரைவரோடு போய் நிற்பார். "சும்மா ஒரு ட்ரையல் பாப்பமே!" என்பார். அத்தோடு அந்தப் பொருளின் கதை முடிந்தது.

பஜாரில் அவருக்குச் சின்னதாக ஒரு தேயிலைப் பாக்கெட் கடை. நான் அங்கே கணக்கு எழுதினேன். மடுல்சீமைப் பக்கமிருந்து தேயிலை மூட்டை வரும். அதில் கிடக்கும் சிவந்த குச்சிகளைச் செல்வி அக்கா சுளகில் போட்டுப் பொறுக்குவார். சாயங்காலம் கண் இரண்டும் சிவந்துவிடும்.

"அண்ணே, என் கண்ணு போச்சுன்னா யாரு எனக்குச் சோறு போடுவா?"

"குச்சி பொறுக்க ஒரு மிஷின் செய்றேன் செல்வி. நீதான் அதுக்கு டிரைவர்!"

சொல்வாரே ஒழிய செய்யமாட்டார். ஊரார் சாமானைத் துணிந்து கழற்றுகிற அதே கை, சொந்தக் காசு என்றால் பையை விட்டே வெளியே வராது. "வெளங்காமப் போச்சுன்னா கடையே போயிருமே தம்பி" என்று முனகுவார்.

அப்போதுதான், புதிதாக எதையாவது உருவாக்கும் சிறு வியாபாரிகளுக்கு அரசாங்கம் உதவிப் பணம் தருகிற செய்தி என் காதில் விழுந்தது. விண்ணப்பித்தோம். பாதி வந்தது. மிஷின் ஓடுவதை அதிகாரி நேரில் பார்த்தால்தான் மீதி வரும். அது வராவிட்டால் வேலை அரைகுறையாக நிற்கும், செல்வி அக்கா மறுபடி சுளகோடு உட்கார வேண்டியதுதான்.

பணம் வந்ததும் அண்ணன் ஆளே மாறிப்போனார். முதல் மிஷின் குச்சியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தேயிலையை வெளியே தள்ளியது. இரண்டாவது, பஜார் முழுக்கக் கரண்டை நிறுத்தியது. நானா டார்ச்சோடு சண்டைக்கே வந்துவிட்டார். அண்ணன் அசரவில்லை. "சரி, அடுத்தது!" என்றார். மூன்றாவது ஓடியது! ஒரு கேமரா தேயிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சிவப்பாகக் குச்சி தெரிந்தால் காற்றை ஊதி வெளியே தள்ளிவிடும். "ஆத்தாடி, என்னை விட வேகமா பொறுக்குதே!" என்று செல்வி அக்கா வாயில் கை வைத்தார்.

அதிகாரி மேடம் வந்தார். நல்ல வெள்ளைச் சேலை. அண்ணன் சாமி கும்பிட்டுப் பட்டனை அழுத்தினார். மிஷின் ஒரு கணம் யோசித்தது. பிறகு குச்சி, தேயிலை என்று பேதம் பார்க்காமல் மொத்தத்தையும் மேடத்தின் மேல் ஊதியது.

"போச்சே அண்ணே, எல்லாம் போச்சே!" செல்வி அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும்தான். அண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி நின்றார். அக்கா மிஷினைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, காலையில இதுக்குப் பொட்டு வச்சீங்களா?"

"வைக்காம இருப்பேனா? நெத்தியில அழகா வச்சேன்."

"இதுக்கு ஏதுண்ணே நெத்தி? கண்ணுல வச்சிருக்கீங்க!"

புதிதாக எது வந்தாலும் அண்ணன் குங்குமம் வைக்காமல் விடமாட்டார். என் கால்குலேட்டருக்கே பொட்டு உண்டு. கேமராவில் அப்பிய குங்குமத்தில் மிஷினுக்கு எல்லாமே சிவப்பாக, எல்லாமே குச்சியாகத் தெரிந்திருக்கிறது. அக்கா முந்தானையால் துடைத்தார். மிஷின் சமர்த்தாக ஓடியது.

மேடம் சேலையை உதறிக்கொண்டே கேட்டார். "நாங்க காசு தராட்டி இத நீங்களாவே செஞ்சிருப்பீங்களா?"

'ஆமான்னு சொல்லுங்க' என்று நான் கண்ணைக் காட்டினேன். அண்ணன் பார்த்தால்தானே!

"எங்க மேடம்! என் காசா இருந்தா மொத மிஷின் கெட்ட அன்னைக்கே மூட்டை கட்டியிருப்பேன். உங்க காசு இருந்ததாலதான் தைரியமா ரெண்டைக் கெடுத்தேன்!"

தொலைந்தோம் என்று நினைத்தேன். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "அதுக்குத்தான் ஐயா தர்றோம்! எப்படியும் செய்யப்போறவங்களுக்கு நாங்க எதுக்கு?"

மீதியும் வந்தது. செல்வி அக்கா இப்போது ஒரு கையில் பிளேன் டீயோடு ஒய்யாரமாக அந்த மிஷினை ஓட்டுகிறார். கண் சிவப்பதில்லை.

நான் இப்போது பண்டாரவளையில் ஒரு ஆபீசில் இருக்கிறேன். போன வாரம் புது லேப்டாப் கொடுத்தார்கள். திறந்ததும் ஒரு பொட்டு வைத்தேன், கேமராவிலிருந்து ஒரு விரல் தள்ளி. ஆபீசே சிரித்தது. சிரிக்கட்டும். அந்தப் பொட்டைப் பார்க்கும்போது, எது கெட்டாலும் பரவாயில்லை, அண்ணன் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று இருக்கிறது.